நான் போட்ட ஃபில்டர்

ஆகஸ்ட் 31, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி. ஹாஸ்டல்ல அந்த நேரத்துக்கு முழிச்சிருந்த ஒரே ஜீவன் நான்தான். மெஸ்ல பொங்கலுக்கு உலையே வைக்கல. மொட்டை மாடிப் படிக்கட்டுல, வைஃபை ரெண்டு கோடாவது கிடைக்கிற அந்த ஒரே இடத்துல, லேப்டாப்பை மடியில வைச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். திரையில ஒரு கடிகாரம் 90 விநாடியில இருந்து கீழே இறங்கிக்கிட்டிருந்தது. அது பூஜ்யத்தைத் தொடுறதுக்குள்ள நான் ஒரு மனுஷனைத் தேர்ந்தெடுக்கணும். அமெரிக்காவுல பந்து பிடிக்கிறவர். அவருக்கு என்னைத் தெரியாது, தெரியவும் போறதில்ல.

'ஃபைனல் இயர்ல மறக்க முடியாத அனுபவம்'னு ஏதாவது எழுதிக் கொடுன்னு நம்ம எடிட்டோரியல் டீம் கேட்டாங்க. மத்தவங்க ஐ.வி. பத்தியும் கல்ச்சுரல்ஸ் பத்தியும் எழுதுவாங்க. நான் ஒரு எக்செல் ஷீட்டைப் பத்தி எழுதப் போறேன். எல்.கே.ஜி.யில இருந்தே இங்கிலீஷ் மீடியம், அதனால ல, ள, ழ எங்கயாவது இடம் மாறியிருந்தா மன்னிச்சிடுங்க.

பெரியப்பா பையன், எனக்கு ஒன்பது வயசு மூத்த அண்ணன், நியூஜெர்சியில வேலை பார்க்கிறார். அவரும் ஆபீஸ் நண்பர்களும் பத்து பேர் சேர்ந்து வருஷா வருஷம் ஃபேன்டசி ஃபுட்பால் லீக் நடத்துறாங்க. காசு பந்தயம் எதுவும் கிடையாது. கடைசியா வர்றவர் மத்த ஒன்பது பேருக்கும் சமைச்சுப் போடணும், அவ்வளவுதான். இந்த வருஷம் ஒருத்தருக்குக் குழந்தை பிறந்து அவர் விலகிட்டார். "டேய், உனக்குத்தான் எக்செல் நல்லா வருமே, நீ வா"ன்னு அண்ணன் கூப்பிட்டார். எனக்கு அமெரிக்கன் ஃபுட்பால்னா ஹெல்மெட் போட்டுக்கிட்டு முட்டிக்கிறது, அதைத் தாண்டி எதுவும் தெரியாது. சரின்னு சொல்லிட்டேன்.

தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா: பந்து கையில இருக்கிற அணி நாலு முயற்சிக்குள்ள 10 யார்டு முன்னேறணும். முன்னேறினா மறுபடி நாலு முயற்சி கிடைக்கும். குவார்ட்டர்பேக் பந்தை எறிவார். வைட் ரிசீவர் முன்கூட்டியே தீர்மானிச்ச ஒரு பாதையில ஓடி, தன்னை விடாமத் துரத்துறவங்களை ஏமாத்தி, அந்தப் பந்தைப் பிடிப்பார். எல்லைக் கோட்டைத் தாண்டிட்டா டச்டவுன், 6 புள்ளி.

ஃபேன்டசின்னா நமக்கு உடனே ட்ரீம் லெவன் ஞாபகம் வரும். அங்க நீங்களும் கோலியை எடுக்கலாம், நானும் கோலியை எடுக்கலாம். இங்க அப்படி இல்ல. ஒரு ஆட்டக்காரர் லீக்ல ஒருத்தருக்குத்தான், அதுவும் சீசன் முழுக்க. அதனால வரிசையா ஏலம் மாதிரி ஒண்ணு நடக்கும், அதான் டிராஃப்ட். முதல் சுற்றுல 1-ல இருந்து 10 வரை. ரெண்டாவது சுற்றுல அப்படியே திரும்பி 10-ல இருந்து 1 வரை. எனக்குக் கிடைச்சது எட்டாவது இடம். அதாவது ஒட்டுமொத்தமா 8-வது ஆளும் 13-வது ஆளும் எனக்கு. அண்ணனுக்கு 6, 15.

புள்ளிக் கணக்கு சுலபம்தான். ஒரு பிடிப்புக்கு 1 புள்ளி, 10 யார்டுக்கு 1 புள்ளி, டச்டவுனுக்கு 6.

பேர் பெற்ற ஆட்டக்காரங்க ஏழு பேர் எனக்கு முன்னாடியே போயிடுவாங்க, அதனால இளசுகள்ல தேடுன்னு அண்ணன் சொன்னார். 2024-ல என்.எஃப்.எல்.லுக்குள்ள வந்த ரிசீவர்கள் ஒரு நல்ல பேட்ச். மூணு வாரம், செமஸ்டர் பாடத்தைக்கூடத் தொடாம, அவங்களைத்தான் படிச்சேன்.

முதல்ல நாலு பேர். மார்வின் ஹாரிசன் ஜூனியர், டிராஃப்ட்ல 4-வது ஆளா அரிசோனாவுக்குப் போனவர். அப்பா மார்வின் ஹாரிசன் ஹால் ஆஃப் ஃபேம்ல இருக்கிற ரிசீவர், 2002-ல ஒரே சீசன்ல 143 பந்து பிடிச்சவர். ரெண்டாவது, மலீக் நேபர்ஸ், 6-வது ஆளா நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு. மூணாவது, பிரையன் தாமஸ் ஜூனியர், 23-வது, ஜாக்சன்வில். நாலாவது, லாட் மெக்கான்கி, முதல் சுற்றுலயே இல்ல, 34-வதா சார்ஜர்ஸுக்கு.

முதல் வருஷம் முடிஞ்சப்போ கணக்கு இப்படி இருந்தது. ஹாரிசன் 62 பிடிப்பு, 885 யார்டு, 8 டச்டவுன். நேபர்ஸ் 109 பிடிப்பு, 1,204 யார்டு, 7 டச்டவுன். தாமஸ் 87, 1,282, 10. மெக்கான்கி 82, 1,149, 7. அப்பா பேரோட 4-வதா வந்தவர் இந்த நாலு பேர்ல கடைசி. ரெண்டாம் சுற்றுல வந்தவர் அவரை விட 264 யார்டு அதிகம்.

புள்ளியா மாத்தினா தாமஸுக்கு 275, நேபர்ஸுக்கு 271. அப்போ தாமஸ்தானே மேல? இங்கதான் எக்செல் எனக்கு ருசிக்க ஆரம்பிச்சது. நேபர்ஸுக்கு தலையில அடிபட்டு ரெண்டு ஆட்டம் வெளிய உட்கார்ந்திருந்தார். 15 ஆட்டம்தான் ஆடினார், தாமஸ் 17. ஒரு ஆட்டத்துக்குன்னு வகுத்தா நேபர்ஸ் 18, தாமஸ் 16.

அடுத்த காலம்: எத்தனை தடவை அவரை நோக்கி பந்து வந்தது? நேபர்ஸுக்கு 170 தடவை. மெக்கான்கிக்கு 112 தான். வந்த ஒவ்வொரு பந்துக்கும் எத்தனை யார்டுன்னு பார்த்தா மெக்கான்கிக்கு 10-க்கு மேல, நேபர்ஸுக்கு 7 தான். உடனே 'மெக்கான்கிதான் திறமைசாலி, நேபர்ஸுக்கு வாய்ப்பு மட்டும்தான் அதிகம்'னு ஷீட்டுல ஒரு குறிப்பு எழுதி வைச்சேன். அதை அண்ணன்கிட்ட வாசிச்சுக் காட்டினப்போ அவர் சிரிச்சார்.

"எறிஞ்சது யாருன்னு பார்த்தியாடா?"

பார்க்கல. மெக்கான்கிக்கு எறிஞ்சவர் ஜஸ்டின் ஹெர்பர்ட், லீக்லயே நல்ல கைகள்ல ஒண்ணு. ஜயன்ட்ஸ்ல அந்த வருஷம் டேனியல் ஜோன்ஸ், டாமி டெவிட்டோ, ட்ரூ லாக், டிம் பாயில்னு நாலு பேர் மாறி மாறி எறிஞ்சாங்க. எதிரணிக்கும் தெரியும், பந்து நேபர்ஸுக்குத்தான் போகும்னு. அதனால ரெண்டு மூணு பேர் அவரைச் சுத்தியே நிப்பாங்க. அப்படி இருந்தும் 109. வைட் ரிசீவர் ஒருத்தர் முதல் வருஷத்துல பிடிச்சதுல அதுவரைக்கும் இல்லாத எண்ணிக்கை அது.

இன்னொரு விஷயமும் தெரிஞ்சது. நேபர்ஸும் தாமஸும் ஒரே காலேஜ், எல்.எஸ்.யூ. ஒரே அணி, ஒரே குவார்ட்டர்பேக் ஜேடன் டேனியல்ஸ். 2023-ல நேபர்ஸ் 1,569 யார்டு எடுத்தார், தாமஸ் 17 டச்டவுன் அடிச்சார். ஒரே பெஞ்சுல உட்கார்ந்து படிச்ச ரெண்டு பேர். ஒருத்தருக்கு 6-வது இடம், இன்னொருத்தருக்கு 23.

அண்ணன் ஒவ்வொரு நாள் போன்லயும் ஒரு பழைய கதை சொல்வார். 2020-ல ஃபிலடெல்ஃபியா 21-வது ஆளா ஜேலன் ரேகரை எடுத்தாங்க. அடுத்த ஆளா, 22-வதா, மினசோட்டா எடுத்தது ஜஸ்டின் ஜெஃபர்சன். முதல் வருஷமே 1,400 யார்டு. 2023-ல பூக்கா நகூவா அஞ்சாவது சுற்றுல, 177-வது ஆள். அவர் முதல் வருஷம் எடுத்தது 1,486 யார்டு, அது முதல் வருஷ சாதனை. டெட்ராய்ட்ல ஆடுற அமோன்-ரா செயின்ட் பிரவுனுக்கு முன்னாடி 2021-ல 16 ரிசீவர்களை எடுத்தாங்க. அந்த 16 பேர் பேரையும் அவங்க காலேஜையும் இன்னிக்கும் அவர் மனப்பாடமா ஒப்பிப்பார்.

"இதெல்லாம் ஏன் சொல்றேன்னா, லிஸ்ட் போட்டவங்க எல்லாம் முட்டாள் இல்லடா. கோடிக்கணக்குல சம்பளம் வாங்குற ஸ்கவுட்டுங்க. அவங்களே தப்பு பண்றாங்கன்னா நீ கொஞ்சம் நிதானமா பாரு"ன்னார்.

நிதானமாத்தான் பார்த்தேன், ஆனா ஒரு கட்டத்துல ஷீட் ரொம்ப நீளமாயிடுச்சு. 2023-ல வந்தவங்களையும் சேர்த்திருந்தேன். எல்லாரையும் சமமா ஒப்பிடணும்னா முதல் வருஷக் கணக்கை மட்டும் எடுத்துக்கலாம், 700 யார்டுக்குக் கீழ இருக்கிறவங்களை மறைச்சிடலாம்னு ஒரு ஃபில்டர் போட்டேன். ஏன் 700? காரணம் எதுவும் இல்ல. பார்க்க ஒரு முழு எண்ணா இருந்தது. ஷீட் ஒரே திரையில அடங்கிடுச்சு. நிம்மதியா இருந்தது.

அதே வாரம் நான் இன்னொரு ஷீட்டுலயும் ஃபில்டர் போட்டுக்கிட்டிருந்தேன்.

நான் எங்க டிபார்ட்மென்ட்டோட பிளேஸ்மென்ட் கோ-ஆர்டினேட்டர். வேலை பெருசா ஒண்ணும் இல்ல. கம்பெனி மெயில் வந்தா அதுக்கு ஏத்தபடி மாணவர்கள் ஷீட்டை வடிகட்டி, பேர் லிஸ்ட் எடுத்து ஆபீஸுக்குக் கொடுக்கணும். குரூப்புல அறிவிப்பு போடணும். ஆகஸ்ட் கடைசி வாரம் ஒரு நல்ல கம்பெனி வந்தது. 7.5, அரியர் இல்லாம இருக்கணும். ஃபில்டர் போட்டேன், லிஸ்ட் எடுத்தேன், குரூப்புல 'சி.ஜி.பி.ஏ. 7.5 அண்ட் அபவ் ஒன்லி'ன்னு தட்டி விட்டேன். மொத்தம் மூணு நிமிஷம். அப்புறம் நேபர்ஸுக்குத் திரும்பிட்டேன்.

என் ரூம்மேட்டோட சி.ஜி.பி.ஏ. 7.46. மெசேஜைப் பார்த்துட்டு, "நமக்கு இல்ல மச்சி"ன்னான். அவ்வளவுதான். டிரைவ் அன்னிக்கு என் சட்டையை அவன்தான் அயர்ன் பண்ணிக் கொடுத்தான், எனக்கு காலர் சுருங்கிடும்.

சரி, டிராஃப்ட் நாளுக்கு வர்றேன். அண்ணன் 6-வது ஆளா நகூவாவை எடுத்தார். என் முறை வந்தப்போ நேபர்ஸ் இன்னும் இருந்தார். 90 விநாடியில 80-ஐ மிச்சம் வைச்சு அழுத்தினேன். 13-ல தாமஸா மெக்கான்கியான்னு கொஞ்சம் திணறினேன். தாமஸுக்கு பாதி சீசன் ட்ரெவர் லாரன்ஸ் காயத்துல வெளியே இருந்தார், மாற்று ஆளா மேக் ஜோன்ஸ் எறிஞ்சும் அவர் 1,282 எடுத்திருக்கார், லாரன்ஸ் முழுசா திரும்பினா இன்னும் ஏறும்னு கணக்குப் போட்டேன். எல்.எஸ்.யூ. ஜோடி ரெண்டு பேரும் என்கிட்ட. 15-ல அண்ணன் ஜாக்சன் ஸ்மித்-என்ஜிக்பான்னு ஒருத்தரை எடுத்தார். யாரு இதுன்னு என் ஷீட்டைப் பார்த்தேன், பேரே இல்ல. அண்ணன் சொதப்பிட்டார்னு நினைச்சு ஒரு சிரிப்பு ஸ்மைலி அனுப்பினேன்.

செப்டம்பர் முதல் வாரம் அந்தக் கம்பெனி டிரைவ். எனக்கு ஆஃபர் வந்தது. இன்டர்வியூல பாதி நேரம் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டைப் பத்தியேதான் கேட்டாங்க, நல்லா சொன்னேன். அந்த ப்ராஜெக்ட்ல கஷ்டமான கோடு எல்லாம் எழுதினது என் ரூம்மேட். நாங்க ஒரே டீம்.

லீக் ஆரம்பம் அமர்க்களம். ரெண்டாவது வாரம் டல்லாஸுக்கு எதிரா நேபர்ஸ் 9 பிடிப்பு, 167 யார்டு, 2 டச்டவுன். அன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல் காரிடார்ல நான் போட்ட சத்தத்துக்கு வார்டன் எந்திரிச்சு வந்துட்டார்.

செப்டம்பர் 28, ஞாயிறு ராத்திரி பத்தரைக்கு ஜயன்ட்ஸ் ஆட்டம், எதிரணி சார்ஜர்ஸ். ரெண்டாவது குவார்ட்டர்ல நீளமா வந்த ஒரு பந்துக்குத் தாவி, இறங்கும்போது நேபர்ஸோட முழங்கால் மடங்கிடுச்சு. ஏ.சி.எல். கிழிஞ்சது. சீசன் முடிஞ்சது. அவருக்கு 22 வயசு, என்னைவிட ஒரே வயசு மூத்தவர். முதல்ல என் புள்ளிகளை நினைச்சுத்தான் வயிறு கலங்கிச்சு, அவர் முழங்கால் அப்புறம்தான் ஞாபகம் வந்தது. இதையும் மறைக்காம எழுதிடுறேன். தாமஸும் அந்த மாசம் பந்தைக் கை நழுவ விட்டுக்கிட்டே இருந்தார். என் டீம் மேல இருந்து சரசரன்னு கீழே இறங்கிச்சு.

அண்ணனோட ஸ்மித்-என்ஜிக்பா மட்டும் வாரா வாரம் புள்ளியைக் கொட்டினார். முதல் ஏழு ஆட்டத்துலயே 819 யார்டு. அக்டோபர்ல ஒரு நாள் அண்ணன் போன்ல கேட்டார்.

"13-ல அவன் இருந்தானே. ஏன்டா விட்ட?"

"தெரியலண்ணா, என் ஷீட்டுலயே இல்ல."

"இல்லாம எப்படி? 2023-ல 20-வது ஆளா போனவன்டா."

போனை வைச்சுட்டு ஷீட்டைத் திறந்தேன். ஃபில்டரை எடுத்தேன். இருந்தார். முதல் வருஷம் 63 பிடிப்பு, 628 யார்டு. 700-க்குக் கீழ. 72 யார்டு குறைவு. அதுக்கு அடுத்த வருஷம் 100 பிடிப்பு, 1,130 யார்டு. அந்தக் காலம் ஷீட்டோட வலது ஓரத்துல இருந்தது, நான்தான் நிரப்பியிருக்கேன், ஆனா வரிசையே மறைஞ்சிருந்ததால கண்ணுல படல.

அந்த 628 ஏன்னு அன்னிக்குத்தான் படிச்சேன். முதல் சீசன் தொடங்குறதுக்கு முன்னாடி அவருக்கு மணிக்கட்டுல எலும்பு முறிஞ்சு அறுவை சிகிச்சை. அது போக சியாட்டில்ல அவருக்கு முன்னாடி டிகே மெட்காஃப், டைலர் லாக்கெட்னு ரெண்டு பெரிய கைங்க. இவர் வரிசையில மூணாவது ஆள். 2025-ல அந்த ரெண்டு பேருமே அணியை விட்டுப் போயிட்டாங்க. பந்து நேரா இவர்கிட்ட வருது. நேபர்ஸுக்கு யார் எறிஞ்சதுன்னு தேடித் தேடிப் படிச்ச நான், இவருக்கு ஒரு வரி கூடப் படிக்கல. 700-னு ஒரு எண் போட்டேன், அது என்னைக் கேட்காமலே இவரை வெளிய தள்ளிடுச்சு. கேட்காமன்னு சொல்றதும் தப்பு. போட்டது நான்தானே.

அப்புறம் ஏன் அதைச் செஞ்சேன்னு தெரியல, பிளேஸ்மென்ட் ஷீட்டைத் திறந்தேன். அந்த ஃபில்டரையும் எடுத்தேன். என் ரூம்மேட் பேர் மேல வந்தது. மூணாவது செமஸ்டர்ல ரெண்டு அரியர், அடுத்த செமஸ்டரே கிளியர். அந்த ரெண்டு பேப்பர் ஏன் போச்சுன்னு எனக்குத் தெரியும். அப்போ அவனுக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில ராத்திரி அவன்கூட இருந்தது நான். பிளேட்லெட் எண்ணிக்கை ஏறுதா இறங்குதான்னு பேப்பர்ல எழுதி வைச்சதும் நான். ஷீட்டுல அதுக்கு ஒரு காலம் இல்ல.

கடைசியா அந்தக் கம்பெனி மெயிலைத் தேடி எடுத்துப் படிச்சேன். அதுல இருந்தது 'சி.ஜி.பி.ஏ. 7.5 அண்ட் அபவ் ப்ரிஃபர்ட்'. இருந்தா நல்லதுன்னு. கட்டாயம்னு இல்ல. 'ஒன்லி'ங்கிற வார்த்தை மெயில்ல எங்கயும் இல்ல. அது நான் சேர்த்தது.

ராத்திரி முழுக்க தூக்கம் வரல. சொல்லாம விட்டிருக்கலாம், யாருக்கும் தெரிஞ்சிருக்காது. மறுநாள் சாயங்காலம் டீக்கடையில வைச்சு அவன்கிட்ட போனை நீட்டினேன். மெயிலைப் படிச்சான். இன்னொரு தடவை படிச்சான். டீ ஆறிப் போற வரைக்கும் ஒண்ணும் பேசல. திட்டுவான்னு நினைச்சேன், திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"என்னை மாதிரி எத்தனை பேரு?"ன்னு கேட்டான்.

எண்ணிப் பார்க்கல. ஷீட்டைத் திறந்து அங்கயே எண்ணினேன். 7.25-க்கும் 7.5-க்கும் நடுவுல பதினொரு பேர்.

"அவங்ககிட்டயும் சொல்லிடு"ன்னான். எந்திரிச்சுப் போயிட்டான். ரெண்டு டீக்கும் காசு அவனே கொடுத்திருந்தான்.

பதினொரு பேர்ல பத்து பேர்கிட்ட போய்ச் சொன்னேன். மூணு பேர் "பரவால்லடா"ன்னாங்க. ஒருத்தி கதவைச் சாத்தாத குறையா "இப்போ சொல்லி என்ன ஆகப்போகுது?"ன்னு கேட்டா. அவ கேட்டது நியாயம். எனக்குப் பதில் இல்ல. ஆபீஸ்ல சார்கிட்டயும் சொன்னேன். இனிமே கம்பெனி மெயிலை அப்படியே குரூப்புல போடு, உன் வார்த்தையில போடாதேன்னார்.

பிளேஸ்மென்ட்ல கட்-ஆஃபே கூடாதுன்னு நான் சொல்ல வரல. நூறு பேர்ல இருந்து பத்து பேரை எடுக்கணும்னா எங்கயாவது ஒரு கோடு போட்டுத்தான் ஆகணும், என்.எஃப்.எல்.லயும் போடுறாங்க. ஆனா அது யார் போட்ட கோடு, எதுக்காகப் போட்டதுன்னு தெரிஞ்சிருக்கணும். முகம் தெரியாத நாலு பேருக்காக மூணு வாரம் செலவழிச்சேன். யார் எறிஞ்சா, எத்தனை ஆட்டம், எங்க அடின்னு தோண்டித் தோண்டிப் பார்த்தேன். பக்கத்துக் கட்டில்ல தூங்குறவனுக்கு மூணு நிமிஷம். அதைத்தான் இன்னும் ஜீரணிக்க முடியல.

இப்போ மெயில் வந்தா லிஸ்ட் எடுக்குறதுக்கு முன்னாடி, சாரைக் கேட்டுட்டு, ஒரு பதில் அனுப்புறேன். 'இந்த அளவுக்குச் சற்றுக் கீழே இருக்கும் மாணவர்களையும் அவங்க ப்ராஜெக்ட் விவரத்தோட அனுப்பலாமா?' இதுவரை நாலு கம்பெனிக்கு அனுப்பியிருக்கேன். ரெண்டு பேர் முடியாதுன்னுட்டாங்க. ஒருத்தர் பதிலே போடல. ஒருத்தர் அனுப்புங்கன்னாங்க. அதுல அஞ்சு பேர் போனாங்க, என் ரூம்மேட்டும். டெஸ்ட் கிளியர் பண்ணிட்டான், இன்டர்வியூ முடிஞ்சது. இந்த தடவை சட்டையை நான் அயர்ன் பண்ணினேன். காலர் சுருங்கத்தான் செஞ்சது.

லீக்ல இப்போ ஒன்பதாவது இடம். ஸ்மித்-என்ஜிக்பாவை மாத்திக்கலாமான்னு அண்ணன்கிட்ட கேட்டேன். தாமஸையும் மெஸ் பொங்கலையும் சேர்த்துக் கொடுத்தாலும் முடியாதுன்னுட்டார்.

அவன் ரிசல்ட் இன்னும் வரல. ரூம்ல அதைப் பத்தி ரெண்டு பேரும் பேசிக்கிறதில்ல. ஞாயிறு ராத்திரி மட்டும் என் லேப்டாப் பக்கத்துல வந்து உட்கார்ந்து, "உன் தாமஸ் இன்னிக்காவது பிடிப்பானா?"ன்னு கேட்கிறான்.